கார்டில் வைத்த குங்குமம்

மெர்சிக்கு எதைக் கண்டாலும் அருவருப்பு. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரகடத்தில் எங்கள் ஆலைக்குள் கால் வைக்கிற எவருக்கும் அருவருப்பு வரத்தான் வேண்டும். வராவிட்டால் அந்த ஆளுக்குத்தான் ஏதோ கோளாறு. நாங்கள் கார்களுக்குக் கதவுக் கைப்பிடி செய்கிறோம். உருகின பிளாஸ்டிக் நாற்றம், பெயின்ட் நாற்றம், கேன்டீன் சாம்பார் நாற்றம், மூன்றும் யூனிபாரத்தில் ஏறி வீடு வரைக்கும் கூடவே வரும். நான் கோதண்டம், அங்கே தர ஆய்வுப் பிரிவில் சூப்பர்வைசர். எனக்கு மூக்கு எப்போதோ செத்துப்போய்விட்டது. மெர்சிக்குச் சாகவில்லை.

அவள் ஆலையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள். ஒரு கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் முறுக்குத் தூளும் தலைமுடியும் நகத்துண்டும் விழும். "கருமம்" என்பாள். மவுஸின் அடியில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும். அதற்கும் "கருமம்." அதிகாரி ஒருவர் தன் லேப்டாப்பில் எதைப் பார்த்து வைரஸ் வாங்கினார் என்பது தெரிந்து, அதைச் சுத்தம் பண்ணித் திருப்பிக் கொடுக்கும்போது அவர் முகத்துக்கு நேராகவே சொல்வாள், "கருமம்." அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே முழு ஷிப்டையும் ஓட்டிவிடுவாள்.

சொந்த ஊர் படப்பைக்குப் பக்கம். அப்பா கல்யாணங்களுக்கும் சர்ச் விழாக்களுக்கும் பாத்திரம், நாற்காலி வாடகைக்கு விடுகிறவர். வாடகைக்குப் போன அண்டாக்களைக் கழுவித்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பேச்சு. ஒருவரும் கழுவ மாட்டார்கள். வெளியே பளபளவென்று துடைத்து, மேலே மூடி போட்டு ஏற்றி அனுப்புவார்கள். மூடியைத் திறந்தால் அடியில் போன வாரத்துப் பாயசம் நுரைத்துக்கொண்டிருக்கும். அதைத் தேய்த்துத்தான் மெர்சி வளர்ந்தாள். "மேல தொடச்சி அனுப்புறவன நம்பவே கூடாது சார்" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்து ஒரு போன் கம்பெனியில் லைனில் நின்றாள். அதை மூடிவிட்டார்கள். பிறகு படப்பையில் ஒரு ரிப்பேர் கடையில் உட்கார்ந்து, கரப்பான் குடியிருக்கும் கம்ப்யூட்டர்களைத் திறந்து திறந்து வேலை கற்றுக்கொண்டாள். கணவன் இனியவன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அவன் ஆட்டோவில் அவளே ஏற மாட்டாள், சீட் நாறுகிறதாம். ஸ்கூட்டியில்தான் வருவாள். கன்டெய்னர் லாரிகள் கிளப்பிவிடுகிற புழுதியைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு, ஒரகடம் ஜங்ஷனைத் திட்டிக்கொண்டே உள்ளே நுழைவாள்.

இப்படிப்பட்டவளிடம்தான் லினக்ஸ் வேலை வந்து சேர்ந்தது.

எங்கள் லைன் கடைசியில் ஒரு கண்ணாடி அறை இருக்கிறது. அதில் கேமரா ஸ்டேஷன்கள் ஆறு. கைப்பிடியைக் கேமராவுக்குக் கீழே வைத்தால், கீறலோ குமிழியோ இருந்தால் திரையில் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டும். அவ்வளவு வேகமாகப் படத்தை அலசுவதற்காக ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரு கிராபிக்ஸ் கார்டு உண்டு. திரைக்குப் படம் அனுப்புவதும் அதுவே. இந்தக் கம்ப்யூட்டர்களில் ஓடிக்கொண்டிருந்த விண்டோஸ் எதுவும் காசு கொடுத்து வாங்கியதில்லை என்று தலைமை அலுவலகத்துக்குத் திடீரென்று ஞானம் வந்தது. ஆயுத பூஜைக்கு லைன் நிற்கிற நாட்களில் எல்லாவற்றையும் காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸுக்கு மாற்றிவிடச் சொல்லி மெயில் வந்தது.

ஆயுத பூஜை அன்று எங்கள் ஆலையைப் பார்க்க வேண்டும். வருடம் முழுக்க எண்ணெய் ஒழுகவிட்ட மெஷின்களை அன்றைக்கு ஒருநாள் குளிப்பாட்டுவார்கள். போர்க்லிப்டுக்கு வாழைக்கன்று கட்டுவார்கள். பூசணிக்காயை நடுப்பாதையில் போட்டு உடைத்து, அந்தச் சதையிலேயே எல்லாரும் வழுக்குவார்கள். மெர்சி கேமரா அறையில் ஆறு கம்ப்யூட்டர்களின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, காற்று பிடித்துத் தூசி ஊதிவிட்டு, அப்படியே திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போனாள்.

திரும்பி வந்தால் ஆறு கார்டுகளிலும் சந்தனம், அதன் மேல் குங்குமம். விசிறியின் நடுவில் வட்டமாக, அழகாக, ஒன்றுபோல வைத்திருந்தது.

"கருமம்! யாருடி இது உள்ள கொண்டாந்து அப்புனது?"

மஞ்சுளா சந்தனக் கிண்ணத்தோடு மூலையில் நின்றாள். கான்ட்ராக்ட் பெண். கேமரா ஸ்டேஷனில் உட்காருகிறவள். வல்லக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவாள். மூன்று வருடமாகக் கான்ட்ராக்டிலேயே ஓட்டியவளை, இந்தப் பூஜை முடிந்ததும் கம்பெனி ரோலில் நிரந்தரமாக எடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். வாக்குக் கொடுக்கும்போது நானும் அங்கே நின்றேன். சிரித்து அழுதுகொண்டே நன்றி சொன்னாள்.

"நான்தாங்க்கா. எப்பவும் டப்பாமேலதான் வெப்போம். இன்னிக்குத் தெறந்து கீதே, உள்ள கீறதுதான வேல செய்யுது, அதுக்கு வெப்போம்னு வெச்சேன்."

"மூஞ்சி. போ அந்தப் பக்கம்."

மெர்சி பஞ்சை எடுத்துத் துடைத்தாள். துடைத்த வரைக்கும் போயிற்று, மிச்சம் காய்ந்து ஒட்டிக்கொண்டது. திட்டிக்கொண்டே முதல் கம்ப்யூட்டரில் பென்டிரைவைச் செருகி லினக்ஸ் ஏற்ற ஆரம்பித்தாள். அது சுலபமாக ஏறிவிட்டது. இரண்டாவதும் ஏறியது. மூன்றாவதில் லோகோ வந்தது, உடனே திரை கறுத்தது. காத்திருந்தாள். கறுப்பு கறுப்பாகவே இருந்தது. நான்கு, ஐந்து, ஆறிலும் அதே கதை.

அந்த நேரம் பார்த்து ரகுபதி சார் உள்ளே வந்தார். உற்பத்தி மேனேஜர். அன்றைக்குப் பட்டு வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கையில் பொரிப் பொட்டலம்.

"இன்னா மெர்சிம்மா, முடிஞ்சிதா?"

"எங்க சார் முடியும்? கார்டு மேலயே சந்தனத்த கரச்சி அப்பி வெச்சிருந்தா எப்டி சார் ஸ்க்ரீன் வரும்? கருமம்."

அவள் அதுவரைக்கும் ஒன்றையும் சோதித்துப் பார்க்கவில்லை. எரிச்சலில் வாயில் வந்ததைச் சொன்னாள். ரகுபதி சார் பொரியை மென்றுகொண்டே "அப்டியா?" என்றார். அந்த "அப்டியா"வில் அவர் அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

விடுமுறை முடிந்து லைன் ஓட ஆரம்பித்தது. கேமரா இரண்டுதான் வேலை செய்தது, மற்ற நான்கிலும் பெண்களைக் கண்ணால் பார்த்து அனுப்பச் சொன்னார்கள். கண்ணால் பார்த்து எவ்வளவைப் பிடிக்க முடியும்? கீறல் விழுந்த கைப்பிடிகள் ஒரு பெட்டி நிறைய வாடிக்கையாளர் கம்பெனிக்கே போய்விட்டன. அங்கிருந்து போன் வந்தது: உடனே ஒய்-ஒய் வேண்டும்.

ஒய்-ஒய் என்றால் வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். ஒரு தப்பு நடந்தால் ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டு அதன் வேரைக் கண்டுபிடிக்க வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் ஆலையில் அந்த ஐந்தாவது ஏன் எப்போதும் மாடிப்படி இறங்கித்தான் போகும். ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தரிடமாவது அது போய் நின்றதை நான் பார்த்ததே இல்லை. பெயின்ட் மட்டமானது என்று ஆரம்பித்தால் கடைசியில் டிரம்மை உருட்டினவன் மாட்டுவான். நினைத்தாலே குமட்டுகிறது.

அன்று காலை மீட்டிங்கில் ரகுபதி சார் வெள்ளைப் பலகையில் தானே எழுதினார். கீறல் ஏன் தப்பியது, கேமரா ஓடவில்லை. கேமரா ஏன் ஓடவில்லை, திரை கறுப்பு. திரை ஏன் கறுப்பு, கிராபிக்ஸ் கார்டு பழுது. கார்டு ஏன் பழுது, அதன் மேல் ஈரமான பொருள். ஈரப் பொருள் ஏன் வந்தது? அங்கே மார்க்கர் நிற்காமல் ஓடியது: அனுமதி இல்லாமல் ஆபரேட்டர் மஞ்சுளா சந்தனம் குங்குமம் வைத்தார். நடவடிக்கை, ஆபரேட்டரை நீக்குவது.

"சார், நல்லா வேல செய்ற பொண்ணு சார்" என்றேன்.

"கேரக்டர் சர்டிபிகேட் நான் கேக்கல கோதண்டம். ரூட் காஸ் கெடச்சாச்சு. கஸ்டமர் சைடுலேர்ந்து ஆள் வராங்க, அதுக்குள்ள முடிக்கணும்."

அரை மணிக்குள் மஞ்சுளாவின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். கான்ட்ராக்டரின் வேன் வரும்வரை கேட் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். மூன்று வருடம் வேலை பார்த்தவளுக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்க ஆளில்லை.

மெர்சி அந்த மீட்டிங்கில் இல்லை. கேமரா அறையில் கறுப்புத் திரைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நான் போய்ச் சொன்னேன். கையில் ஸ்க்ரூடிரைவரோடு அப்படியே நின்றாள்.

"நான் சும்மா வாய்ல வந்தத சொன்னேன் சார். அத போயி எழுதுனாங்களா?"

"எழுதிட்டாங்க."

அதற்குப் பிறகு அவள் வேலை செய்த விதம் வேறு. திட்டவில்லை. நான் லைனுக்கும் அறைக்கும் போய்ப்போய் வந்ததால் முழுவதும் பார்த்தேன். முதலில் கேபிளை மாற்றினாள், மானிட்டரை மாற்றினாள். கறுப்பு. கம்ப்யூட்டர் கிளம்பும்போது வருகிற மெனுவை நிறுத்தி, 'நோமோட்செட்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தாள். அது என்ன என்றேன்.

"கார்ட தொந்தரவு பண்ணாத, சும்மா சாதா படம் காட்டினா போதும்னு லினக்ஸ்கிட்ட சொல்றது சார்."

படம் வந்தது, பெரிய பெரிய எழுத்தாக, மங்கலாக. அதை வைத்துக்கொண்டு லினக்ஸை ஏற்றி முடித்தாள். ஆனால் கேமரா மென்பொருளுக்குக் கார்டு முழுசாக வேலை செய்ய வேண்டும். கார்டு வந்த பெட்டியின் மேல் போட்டிருந்த மாடலுக்கு உரிய டிரைவர் மென்பொருளைத் தேடிப் போட்டாள். மறுபடி கறுப்பு. வேறு பதிப்பு போட்டாள். கறுப்பு. சந்தனம்தான் காரணம் என்றால் கார்டு சுத்தமாகச் செத்திருக்க வேண்டும்; இதுவோ பாதி உயிரோடு இருந்துகொண்டு ஆட்டம் காட்டியது. அதுதான் அவளுக்கு உறுத்தியது.

அப்போதுதான் ஒரு விஷயத்தைப் பார்த்தாள். வேலை செய்கிற இரண்டு கம்ப்யூட்டரின் கார்டுகளிலும் அதே குங்குமம், அதே இடத்தில். அவை பழைய லாட். மற்ற நான்கும் போன வருடம் வாங்கியவை. ஸ்டோரில் அந்தப் புது லாட்டில் ஒரு கார்டு உபரியாக, உறை பிரிக்காமல் இருந்தது. அதை வாங்கி வந்து மூன்றாவது ஸ்டேஷனில் மாட்டினாள். அதில் சந்தனம் இல்லை, குங்குமம் இல்லை, மஞ்சுளாவின் விரல் படவே இல்லை. திரை கறுத்தது.

மெர்சி அதே மெனுவை மறுபடி நிறுத்தினாள். லோகோவைக் காட்டச் சொல்லும் சொற்களை அழித்தாள். அழித்தால் லினக்ஸ் கிளம்பும்போது தான் செய்கிற ஒவ்வொன்றையும் வரிவரியாகத் திரையில் சொல்லும். வரிகள் ஓடின. ஓர் இடத்தில் நின்றன. அந்தக் கடைசி வரிகளில் ஒன்றை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"சார், பெட்டில போட்ட பேர இது நம்பறதில்ல. நேரா சிப்பையே நீ யாருன்னு கேக்குது. அது சொன்ன பேரு இதான்."

"சரி, அதுக்கு இன்னா?"

"இது பத்து வருஷத்துக்கும் மேல பழைய சிப்பு சார். பெட்டில இருக்கற மாடலே இல்ல. கார்டுக்குள்ள இருக்கற பேர மாத்தி எழுதி, புதுசுன்னு வித்திருக்கான். அதான் டிரைவர் குழம்பிப் போயி சாவுது."

அந்த உபரிக் கார்டைக் கழற்றி அதன் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினாள். அடியில் இன்னொரு ஸ்டிக்கர், பாதி கிழிந்தது. விசிறியைக் கழற்றினாள். உள்ளே தூசி களிம்பாகக் கெட்டிப்பட்டிருந்தது. யாரோ எங்கோ வருடக்கணக்காக ஊதித் தள்ளின பீடிப் புகையின் நாற்றம் குப்பென்று வந்தது. செத்த மூக்கு என்று சொன்னேனே, எனக்கே அடித்தது. மெர்சி துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"எங்கப்பா அண்டா சார் இது. அதே அண்டா."

விண்டோஸில் மட்டும் எப்படி ஓடியது என்று கேட்டேன். வாங்கும்போது கடைக்காரனின் ஆள் ஒருத்தன் தானே வந்து, தன் பென்டிரைவிலிருந்து ஏதோ ஒரு டிரைவரைப் போட்டுவிட்டு, "இத மட்டும் அப்டேட் பண்ணிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனானாம். அன்றிலிருந்து அந்த நான்கு ஸ்டேஷன்களும் மெதுவாகத்தான் ஓடின. மெதுவாக ஓடினதற்காக அதில் உட்கார்ந்த பெண்களை வருடம் முழுக்கத் திட்டியிருக்கிறோம். மஞ்சுளா மூன்றாவது ஸ்டேஷன். கை வேகம் போதாது என்று அவளுக்கு இரண்டு முறை எச்சரிக்கை கொடுத்தார்கள். அதெல்லாம் எனக்கு ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது.

மெர்சி கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக ரகுபதி சாரின் அறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். உள்ளே பெருமாள்சாமியும் இருந்தார். கொள்முதல் பிரிவு. அந்தக் கார்டுகளை வாங்கினவர். மெர்சி சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. அதைத்தான் நான் கவனித்தேன்.

"புதுசுன்னுதான் குடுத்தான். பில்லு கீது" என்றார் பெருமாள்சாமி.

"பில்லுல புதுசு. உள்ள மோந்து பாருங்க சார்."

அவர் மோந்து பார்க்கவில்லை. ரகுபதி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரல் மிக அன்பாக இருந்தது.

"மெர்சிம்மா, கார்ட மாத்திடலாம். நாளைக்கே வேற ஆர்டர் போட்றேன். ஆனா போலி கார்டுன்னு எழுதினா கஸ்டமர் நம்ம பர்ச்சேஸ் மொத்தத்தையும் தோண்டுவான். குங்குமம்னா இன்னா? ஆயுத பூஜ, வருஷத்துக்கு ஒரு வாட்டி. சிரிச்சிட்டு விட்டுடுவான்."

"அந்தப் பொண்ணு?"

"இந்த ரோட்டுல கம்பெனிக்கா பஞ்சம்? எங்கயாவது சேந்துக்கும்." கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். "அதுவுமில்லாம, மொதல்ல குங்குமம்னு சொன்னது நீதானம்மா?"

எனக்கு அந்த அறையில் நிற்கவே கூசியது. போலி கார்டை விட அசிங்கம் அந்த அன்பான குரல்தான்.

வெளியே வந்து அவள் கேட் பக்கம் நடந்தாள். மஞ்சுளா டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு செக்யூரிட்டி அறையின் நிழலில் குந்தியிருந்தாள். மெர்சியைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"அக்கா, நான் வெச்சதுனாலதான் அது எரிஞ்சிப்போச்சாமே. எனக்குத் தெரியலக்கா. நல்லா ஓடணும்னுதான்க்கா வெச்சேன். நெசமாவே என்னாலதானா?"

மெர்சிக்கு உண்மை தெரியும். கையிலேயே இருந்தது. நானும் பக்கத்தில்தான் நின்றேன். இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி, அப்புறம் யார் அப்படிச் சொன்னது என்பது. அதற்கு அவளால் அந்த இடத்தில் முகம் கொடுக்க முடியவில்லை.

"வேன் வந்தாலும் ஏறாத. இங்கயே இரு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

மதியத்துக்குப் பிறகு வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து அறிவுமதி மேடம் வந்தார். கறாரான பெண்மணி. பலகையில் எழுதியிருந்ததை முழுவதும் படித்தார், குங்குமம் என்ற இடத்தில் உதட்டைச் சுழித்துச் சிரித்தார். ரகுபதி சார் சொன்னது சரிதான், சிரித்துவிட்டு விட்டிருப்பார். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே.

"எரிஞ்ச கார்ட ஒருவாட்டி காட்டுங்க. போட்டோ எடுத்துட்டுக் கெளம்பறேன்."

எல்லாரும் கேமரா அறைக்குப் போனோம். ரகுபதி சார் மெர்சியைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. மெர்சி முதல் ஸ்டேஷனின் தகட்டைக் கழற்றினாள். உள்ளே கார்டில் குங்குமம் சிவப்பாக இருந்தது. சுவிட்சைப் போட்டாள். லினக்ஸ் கிளம்பி, கேமராவின் படம் பளிச்சென்று வந்தது.

"இதுலயும் அந்தப் பொண்ணுதான் மேடம் வெச்சிது. நல்லாத்தான் ஓடுது."

பிறகு மூன்றாவது ஸ்டேஷனில் திரும்ப மாட்டியிருந்த கார்டைக் காட்டினாள். ஸ்டோரிலிருந்து வந்த உபரிக் கார்டு, குங்குமம் படாதது. சுவிட்சைப் போட்டாள். வரிகள் ஓடி, அதே இடத்தில் நின்றன. சிப் தன் பெயரைச் சொன்ன வரியைக் காட்டி, சுரண்டின ஸ்டிக்கரைக் காட்டி, என்னிடம் சொன்ன அதே விஷயத்தை அவரிடமும் சொன்னாள். பெருமாள்சாமி செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே போய்விட்டார். போன் அடித்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

அறிவுமதி மேடத்தின் சிரிப்பு போய்விட்டது. "அப்ப பலகைல இருக்கறது தப்பு. யார் சொல்லி எழுதினீங்க?"

ரகுபதி சார் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எங்க ஐ.டி.தான் மேடம். இவங்கதான் சொன்னாங்க."

சொல்லிவிட்டு மூச்சு விட்டார், பாரம் இறக்கின ஆள் மாதிரி. மெர்சி மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன். காலையில் அவருடைய அறையில் அவர் பேசினதை அப்படியே போட்டு உடைப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஆமா மேடம், நான்தான் சொன்னேன்" என்றாள் மெர்சி. "டெஸ்ட் பண்ணல. கார்டுக்குள்ள சந்தனத்தப் பாத்ததும் எனக்குக் கொமட்டிச்சி, கத்திட்டேன். அந்த அஞ்சாவது ஏன்ல மஞ்சுளா பேர அடிச்சிட்டு என் பேர எழுதிக்கோங்க. அந்தப் பொண்ண இன்னிக்கே உள்ள கூப்டணும். எனக்கு வேற ஒண்ணும் வாணாம்."

ரகுபதி சாருக்கு இதைவிட நல்ல பதில் கிடைத்திருக்காது. பலகைக்குப் போய் மஞ்சுளாவின் பெயரை டஸ்டரால் அழித்தார். ஐ.டி. ஊழியர் சோதனை செய்யாமல் தவறாகக் கணித்தார் என்று எழுதினார். போலி கார்டுக்கு "சப்ளையர் தவறு" என்று ஓரத்தில் ஒரு வரி. சப்ளையரைத் தேர்ந்தெடுத்தது யார் என்று அறிவுமதி மேடமும் கேட்கவில்லை. பலகையைப் போட்டோ எடுத்தார், டீ குடித்தார், காரில் ஏறிப் போய்விட்டார். கறார் எல்லாம் அவ்வளவுதான். ஐந்து ஏன்களையும் தாண்டி ஆறாவதாக ஒன்று கேட்டால் உலகம் அழிந்துவிடுமா என்ன.

மெர்சிக்கு மெமோ கொடுத்தார்கள், அந்த வருட இன்கிரிமென்டை நிறுத்தினார்கள். மஞ்சுளாவைக் கேட்டிலிருந்து கூப்பிட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். கம்பெனி ரோல் பற்றி நான் போய்க் கேட்டேன். "பாக்கலாம்" என்றார் ரகுபதி சார். எங்கள் ஆலையில் அதற்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். பெருமாள்சாமி அன்று மாலையே புதுக் கார்டுகளுக்கு ஆர்டர் போட்டார். வேறு கடையில் வாங்குங்கள் என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

மறுநாள் காலை ஷிப்டுக்கு முன்பு மெர்சி மூன்றாவது ஸ்டேஷனில் இருந்தாள். அவளுடைய மேஜைக் கம்ப்யூட்டரில் இருந்த நல்ல கார்டைக் கழற்றிக் கொண்டுவந்து இதில் மாட்டி, டிரைவர் போட்டு, திரை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சுளா யூனிபாரத்தில் உள்ளே வந்தாள். வருகிற வழியில் பலகை இருக்கிறது. படித்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

மெர்சி எழுந்து நகர்ந்து இடம் விட்டாள். மஞ்சுளா உட்காரவில்லை.

"அக்கா, குங்குமம்னு மொதல்ல சொன்னது நீங்கதானா?"

"ஆமா."

"நேத்து கேட்ல ஒங்கள கேட்டனே, நெசமாவே என்னாலதானான்னு. அப்பவே ஒங்களுக்குத் தெரியுமா, அதனால இல்லன்னு?"

மெர்சி அவள் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லியிருக்கலாம். "தெரியும்" என்றாள்.

மஞ்சுளா அவளைத் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்த்தாள். கத்தவில்லை, அழவில்லை.

"கருமம்" என்றாள்.

சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெட்டியிலிருந்து அன்றைய முதல் கைப்பிடியை எடுத்துக் கேமராவுக்குக் கீழே வைத்தாள். திரையில் படம் வந்தது.